ஞானஸ்நானத்துக்கு அடுத்த ஞாயிறு

எங்கள் சபைக்குப் புதிதாக வந்த அக்கா ஒருவர் ஞானஸ்நானம் எடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதுச் சேலை கட்டியிருந்தார். எங்கள் போதகரான ஐயர் மூன்று முறை தலையில் தண்ணீர் ஊற்றியபோது அது நெற்றியில் வழிந்து ரவிக்கைத் தோளை நனைத்தது. அக்கா துடைக்கவே இல்லை. ஆராதனை முடிந்ததும் சபையே வரிசையில் நின்று கை கொடுத்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் ஜிப் வைத்த கறுப்பு உறை போட்ட வேதாகமம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தோம். போட்டோ எடுத்தோம். கேசரியும் காபியும் இருந்தன.

அடுத்த ஞாயிறு அதே அக்கா பின்வரிசையில் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எழுந்ததைப் பார்த்து எழுந்தார், உட்கார்ந்ததைப் பார்த்து உட்கார்ந்தார். ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் வெளியே வந்து, குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்று எனக்கு, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலை இருந்தது.

நான் மதுரையில் பள்ளி ஆசிரியை. மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவள். விசுவாசத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு, வெளியிலிருந்து ஒருவர் வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது லேசில் புரிவதில்லை. வந்ததைக் கொண்டாடுவோம். சாட்சி சொல்லச் சொல்லி மைக்கைக் கையில் கொடுப்போம். அவர் திங்கட்கிழமை காலையில் எந்த வீட்டில் கண் விழிக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க மாட்டோம்.

இதற்கு முன்பும் ஒரு முறை நான் தவறியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் அக்காவின் கதைக்குப் போக மனம் வரவில்லை.

சில வருஷங்களுக்கு முன் கல்லூரி மாணவன் ஒருவன் சபைக்கு வரத் தொடங்கினான். துடிப்பான பையன். கேள்வி மேல் கேள்வி கேட்பான். ஐயர் அவனை என்னிடம் ஒப்படைத்தார். என்னிடம் 12 பாடங்கள் கொண்ட ஒரு பயிற்சிப் புத்தகம் இருந்தது. இரட்சிப்பின் நிச்சயம், ஜெபம், வேத வாசிப்பு, தசமபாகம், சாட்சி என்று தலைப்புகள். வசனத்தைத் தேடிப் பார்த்து, கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். அவன் 12 பாடங்களையும் ஆறே வாரத்தில் முடித்தான். எல்லாமே சரி. நான் பெருமையாக ஐயரிடம் சொன்னேன். ஏழாவது வாரம் அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

ஒரு வருஷம் கழித்துப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தயங்கித் தயங்கித்தான் பேசினான். அவன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்பட்டார்கள். 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில், கிறிஸ்தவத்துக்கு வந்த பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். படிப்பு, உதவித்தொகை, நாளைக்கு ஒரு அரசாங்க வேலை என்று அந்த வீட்டின் நம்பிக்கை முழுவதும் ஒரு சாதிச் சான்றிதழில்தான் இருந்தது. அவனுடைய அம்மா அதைச் சொல்லி ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறார்.

"யார்கிட்ட கேக்கிறதுன்னே தெரியல மிஸ்" என்றான்.

ஆறு வாரம் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவன் வீட்டையே உலுக்கிக்கொண்டிருந்த அந்த விஷயத்தை வாய் திறந்து சொல்ல ஒரு நிமிஷம்கூட நான் இடம் கொடுக்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் சுலபமான பதில் இருந்திருக்காது. ஆனால் அவனோடு சேர்ந்து கவலைப்பட ஒரு ஆளாவது இருந்திருப்பேன்.

அதனால்தான் அக்கா தொடர்ந்து மூன்று ஞாயிறு வராதபோது எனக்குப் பகீரென்றது. கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் "பின்வாங்கிட்டாங்க போல" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். மறுநாள் திங்கட்கிழமை. பள்ளி விட்டதும் பஸ் பிடித்துச் செல்லூருக்குப் போனேன்.

அக்கா பூ விற்கிறவர். விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உதிரி மல்லி எடுப்பார். மதியத்திலிருந்து வாசலில் உட்கார்ந்து கட்டுவார். பொழுது சாயும்போது கூடையைத் தூக்கிக்கொண்டு கோரிப்பாளையம் பக்கம் போவார். செவ்வாயும் வெள்ளியும் வியாபாரம் கூடுதல். ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் விழுந்துவிட்டால் இருட்டிலிருந்தே ஓட்டம்தான். அது ஆவணி மாசம். மூன்று ஞாயிறும் முகூர்த்தம். எங்கள் சபையில் வேதபாடம் செவ்வாய் சாயங்காலம், உபவாச ஜெபம் வெள்ளிக்கிழமை. பூக்காரர் ஒருவர் வரவே முடியாத நாட்களாகப் பார்த்து, தெரியாமலே வைத்திருக்கிறோம். மாதச் சம்பளக்காரர்கள் உட்கார்ந்து போட்ட அட்டவணை அது. அதில் அக்காவுக்கு இடமே இல்லை. இடம் கொடுக்காமல் விட்டு, அவர் பின்வாங்கிவிட்டார் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

வீடு ஒற்றை அறை. சிமெண்ட் ஷீட் கூரை. உள்ளே அரிசி டிரம்முக்கு மேலே, இறந்துபோன கணவரின் போட்டோவுக்குப் பக்கத்தில், நாங்கள் கொடுத்த வேதாகமம் இருந்தது. ஜிப் திறக்கப்படவே இல்லை. அதன்மேல் ஒரு முழம் மல்லி, அன்றைக்குக் கட்டியது.

நான் அதையே பார்ப்பதைக் கண்டு அக்கா சொன்னார்: "எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது டீச்சர். அம்புட்டுப் பேரு வரிசையா நிக்கையில எப்படிச் சொல்றது? வாங்கிக்கிட்டேன். புஸ்தகத்துல ஆண்டவர் பேசுறார்னு ஐயர் சொன்னாருல்ல, அதான் தெனமும் ஒரு முழம் வச்சுடறேன்."

என் கைப்பையில் அந்த 12 பாடப் புத்தகம் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. பூவை எடுக்கவும் சொல்லவில்லை. அதைப் பற்றி ஏதோ சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்த வீட்டில் அந்தப் புத்தகத்துக்கு இருந்த மரியாதை, என் வீட்டில் அலமாரிக்கு ஒன்றாக நிற்கும் ஐந்து வேதாகமங்களுக்கு இருக்கிறதா என்று யோசித்தேன்.

"நீங்க கதையாச் சொல்லுங்க டீச்சர். நான் பூக் கட்டிக்கிட்டே கேக்குறேன்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. திங்கட்கிழமை, நாலரை மணி. மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொண்டேன். நான்கில் அதுதான் சின்னது, 16 அதிகாரம். நீளமான பிரசங்கங்கள் குறைவு, சம்பவங்கள் அதிகம். ஒரு வாரத்துக்கு ஒரு கதை. முதலில் வேதாகமத் தமிழில் வாசிப்பேன், பிறகு என் பேச்சில் சொல்வேன், அப்புறம் அக்கா திருப்பிச் சொல்வார். மறு வாரம் பழைய கதையை அவர் சொன்ன பிறகுதான் புதுக் கதை.

எழுத்துத் தெரியாதவர்களை விசுவாசத்தில் எப்படி வளர்ப்பது என்பது இந்த ஊருக்குப் புதுக் கேள்வி இல்லை. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, நம் ஆட்கள் தத்துவ போதகர் என்று அழைத்தவர், தமிழ் கற்று ஞானோபதேசம் என்ற போதனை நூலை எழுதினார். அவர் ஊழியம் செய்த அதே மதுரை மிஷனில் பின்னால் வந்த வீரமாமுனிவர், ஊர் ஊராகப் போய்ப் போதிக்கிற வேதியர்களுக்காகவே வேதியர் ஒழுக்கம் என்று உரைநடையில் ஒரு நூல் செய்தார். போதிக்கிறவன் எப்படி வாழ வேண்டும் என்பதற்கு ஒரு தனி நூலே தேவை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, பாருங்கள். 1834-இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டுகள் அதன்மூலம் கிராமத்துச் சபைகளுக்குள் போயின. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தக் கீர்த்தனைகள்தான் வேதபாடம். இதை நான் படித்துத்தான் வைத்திருந்தேன். அக்கா ஒரே மாதத்தில் மூன்று கீர்த்தனையைக் காதால் கேட்டே முழுசாகப் பாடியபோதுதான் எனக்கு உறைத்தது.

என் தாத்தா திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தவர். பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஊருக்குள்ளேயே குடியிருந்து, களத்துமேட்டிலும் கிணற்றடியிலும் சனங்களோடு உட்கார்ந்து பேசி, சாவுக்கும் பிரசவத்துக்கும் முதல் ஆளாக நின்றவர். அவருடைய நோட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த குடும்பங்களின் பெயர் வரிசையாக இருக்கும். பெயருக்கு நேரே, பென்சிலில் ஒரு வரி: "மாடு செத்தது." "மகளுக்குப் பேறுகாலம், தை." "தம்பியோடு வரப்புத் தகராறு." "ஜெபம் சொல்ல வெட்கப்படுகிறான்." எந்தப் பாடம் முடிந்தது என்று எங்கேயும் குறிப்பு இல்லை. சின்ன வயதில் அந்த நோட்டைப் பார்த்து, தாத்தா ஏன் இதையெல்லாம் எழுதி வைத்தார் என்று நினைத்திருக்கிறேன். இப்போது எனக்கும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது.

உபதேசியார் என்கிற அந்த ஆள் இன்று நகரத்துச் சபைகளில் அநேகமாக இல்லை. ஐயருக்குக் கல்யாணம், அடக்கம், கமிட்டி, கட்டட நிதி என்று ஏழு நாளும் போதவில்லை. அந்த இடத்தில் நாங்கள் புத்தகத்தை வைத்தோம், வாட்ஸ்அப் குழுவை வைத்தோம். காலையில் ஒரு வசனப் படம் அனுப்பினால் வேலை முடிந்தது என்று ஆகிவிட்டது.

சரி, மாற்குக்கு வருகிறேன்.

இரண்டாம் அதிகாரம். திமிர்வாதக்காரனை, அதாவது கைகால் விளங்காத ஒருவனை, நாலு பேர் இயேசுவிடம் சுமந்துகொண்டு வருகிறார்கள். கூட்டத்தால் கிட்டப் போக முடியவில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு உள்ளே இறக்குகிறார்கள். இந்தக் கதையை நான் ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. நண்பர்களின் விசுவாசம், பாவமன்னிப்பு, "உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட" எல்லாம் சொல்லி முடித்தேன். அக்கா நாரை இழுத்து முடிச்சைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டார்:

"அந்த வீட்டுக்காரருக்குக் கூரையை யாரு திரும்பப் போட்டுக் கொடுத்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாற்கு அதைச் சொல்லவில்லை. முந்தின ஐப்பசி மழையில் ஷீட் உடைந்து, அதை மாற்ற அக்கா ரெண்டு மாசம் கடன் கட்டியிருக்கிறார். நாற்பது வருஷமாக எனக்குக் கண்ணில் படாத அந்த வீட்டுக்காரர், அவருக்கு முதல் தடவையிலேயே கண்ணில் பட்டார்.

பதினாலாம் அதிகாரத்துக்கு வந்தபோது அது தை மாசம், மல்லி வரத்தே இல்லாத சமயம். ஒரு பெண் வெள்ளைக்கல் பரணியை உடைத்து, விலையேறப்பெற்ற நளத தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். முந்நூறு பணத்துக்கு விற்றிருக்கலாமே என்று சிலர் முறுமுறுக்கிறார்கள். ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி, கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பாத்தியம் என்று விளக்கினேன். அக்கா கட்டுவதை நிறுத்தினார். இடது கை விரல்களுக்கு நடுவே நனைந்த வாழைநார், அதன்மேல் இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, சுற்றாமல் அப்படியே நின்றது.

"இன்னைக்கி மல்லி கிலோ மூவாயிரம் டீச்சர். நான் கால் கிலோதான் எடுத்தேன். மொத்தக் கடையில நிறுத்துக்கிட்டிருக்கையில ஒருத்தி ஒரு கூடைப் பூவை அப்படியே ஒருத்தர் காலடியில கொட்டுனான்னு வையுங்க. மார்க்கெட்டே கூடித் திட்டும். நானும் திட்டுவேன்." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "ஆனா அந்த வாசம் அவரு மேல ரெண்டு நாளைக்கிப் போயிருக்காதுல்ல?"

சிலுவைக்கு இரண்டு நாளைக்கு முன் நடந்ததாக மாற்கு சொல்லும் சம்பவங்களுக்கு நடுவில்தான் இது வருகிறது. அடக்கத்துக்கு எத்தனமாக முன்னதாகவே என் சரீரத்துக்குத் தைலம் பூசினாள் என்று இயேசு சொல்வதை நான் இன்னும் வாசிக்கவில்லை. வாசித்தபோது அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

ஆதிச் சபையில், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் மூன்று வருஷம் வசனம் கேட்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு இருந்தது. ரோமாபுரியின் இப்போலித்துவுக்கு உரியதாகச் சொல்லப்படும் பழைய எழுத்தில் அது வருகிறது. ஆர்வமுள்ளவனாக இருந்தால் காலத்தைப் பார்க்க வேண்டாம், நடத்தையைப் பாருங்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. கி.பி. 400-ஐ ஒட்டி, வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜில் இருந்த ஒரு உதவிக்காரர் (டீக்கன்) பிஷப் அகுஸ்தீனிடம் முறையிட்டிருக்கிறார்: புதிதாக வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப அடிப்படையையே சொல்லிச் சலித்துப்போகிறது என்று. அகுஸ்தீன் அவருக்குப் பொறுமையாக நீண்ட பதில் எழுதுகிறார். நாம் தினமும் பார்த்துக் கவனிக்காமல் போகிற இடங்களை, முதன்முதலாகப் பார்க்கிற ஒருவருக்குக் காட்டும்போது நமக்கும் புதிதாகத் தெரிகிறதல்லவா என்று கேட்கிறார். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நாம் நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப் போகிறோமே, அந்தத் தூண்களை அன்றைக்குத்தானே நாமும் அண்ணாந்து பார்க்கிறோம். நின்று கேட்பவர் களைத்துப்போனால் உட்கார இடம் கொடு என்றுகூட எழுதியிருக்கிறார். ஒரு பெரிய இறையியலாளர் நாற்காலியைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஜெபத்துக்கு வந்தபோது இன்னொன்று நடந்தது. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை அக்கா காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தார், ஆனால் வேகமாக ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ஒவ்வொரு வரியாக நிறுத்திப் பார்த்தோம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்."

"கடனா? நெசமாவே கடன்னுதான் போட்டிருக்கா?"

ஆமாம் என்றேன். நான் அந்தச் சொல்லை எப்போதும் பாவம் என்று மனதுக்குள் மாற்றிப் படித்துப் பழகியவள். அக்காவுக்குக் கடன் என்றால் கடன். கையில் 900 ரூபாய் கொடுத்து 1,000 என்று எழுதிக்கொள்கிற தண்டல்காரர் தினமும் சாயங்காலம் கூடைக்கு முன்னால் வந்து நிற்பவர். ஒரு நாள் தவறினால் நாலு பேர் முன்னால் பேச்சு வாங்க வேண்டும். அப்படிப்பட்ட கடனை ஒருவர் மொத்தமாகத் தள்ளிவிட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கிருபை என்ற சொல்லுக்கு நான் தேடித் தேடிச் சொன்ன விளக்கமெல்லாம் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

ஆனால் வரியின் முதல் பாதியும் இருக்கிறதே. கூடப் பூ விற்கிற ஒரு பெண் அக்காவுக்கு 1,200 ரூபாய் தர வேண்டும். அதற்காக நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. "அப்போ அவளுக்கு நான் தள்ளணுமா?" என்றார் கோபமாக. அந்த வாரம் ஜெபம் சொல்லாமலே எழுந்துபோனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஏழெட்டு வாரம் கழித்து, கூடையைத் தூக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "அவகிட்ட பேசிட்டேன்."

"ரூபாயை விட்டுட்டீங்களாக்கா?"

"அதை இன்னும் முடிவு பண்ணல. பேசிட்டேன்."

அவசரப்பட்டிருந்தால் இதை நான் கெடுத்திருப்பேன். விசுவாசத்துக்கு வந்த மறு மாசமே மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லவைக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காததற்குக் காரணமும் இதுதான். கைதட்டல் கேட்டுப் பழகினவர், "இன்னும் முடிவு பண்ணல" என்று உண்மையைச் சொல்லத் தயங்குவார்.

பூ வைக்கிற விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. பக்கத்துத் தெருவில் நடக்கும் ஒரு ஜெபக்கூட்டத்துக்கு அக்கா போயிருக்கிறார். அங்கே ஒரு அம்மா, இரட்சிக்கப்பட்டவள் தலையில் பூ வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதோடு, நீ விற்கிற பூ கோயிலுக்குத்தானே போகிறது, அந்தத் தொழிலையே விட்டுவிடு என்றும் சொல்லியிருக்கிறார். அந்தத் திங்கட்கிழமை அக்கா வெறுந்தலையோடு உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். கணவர் போன பிறகு ஊர் எடுக்கச் சொன்ன பூவை, மகள் வற்புறுத்தியதால் மறுபடி வைக்கத் தொடங்கியவர் அவர். இப்போது விசுவாசத்தின் பேரில் இரண்டாம் முறை எடுக்கச் சொல்கிறார்கள்.

விருப்பப்பட்டு நகையோ பூவோ வேண்டாம் என்று இருப்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவர் எதையெல்லாம் கழற்றினார் என்று பார்த்து அவருடைய வளர்ச்சியை அளக்கிறோமே, அது தவறு. பேதுரு எழுதின நிருபத்தில் புற அலங்காரத்தைப் பற்றிச் சொல்கிற இடத்தில் அவர் கேட்பது சாந்தமும் அமைதலுமான ஆவியை. அதை வாசித்துக் காட்டினேன். தொழிலைப் பற்றி, முழம் போட்டு வாங்கிப் போகிறவர் அதை எங்கே வைக்கிறார் என்பது உங்கள் கணக்கில் வராது, அளவில் ஏமாற்றாமல் முழம் போடுவது உங்கள் கணக்கில் வரும் என்றேன். அக்கா தன் முழங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் தலையில் பூ இருந்தது.

எல்லாவற்றையும் நானே தீர்த்துச் சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம். காதுகுத்து வந்தபோது எனக்கே தெரியவில்லை. அண்ணன் பேத்திக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் முடியெடுத்துக் காதுகுத்து, கிடாவெட்டு. போகலாமா, போனால் சாப்பிடலாமா, மொய் எழுதலாமா? எங்கள் சபையில் நாலு பேரைக் கேட்டேன், நாலு பதில் வந்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம், பத்தாம் அதிகாரங்களை இரண்டு வாரம் எடுத்துப் பேசினோம். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சி கொரிந்துப் பட்டணத்திலும் இதே மாதிரி வீட்டுச் சண்டையாகத்தான் இருந்திருக்கிறது. கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடு, விருந்துக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடு, இது படைத்தது என்று ஒருவன் சொன்னால் அவன் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்று பவுல் ஆளையும் இடத்தையும் பார்த்துப் பேசுகிறார். நான் வாசித்தேன், ஜெபித்தோம். முடிவை அக்காவிடமே விட்டேன். பயமாகத்தான் இருந்தது.

போய்விட்டு வந்து சொன்னார்: "ராவெல்லாம் உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சேன். மொய் எழுதினேன், எங்க வீட்டுக்காரரு பேரு போட்டே எழுதினேன். பூசையில நிக்கல, கறி மட்டும் வேணாம்னேன். அண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. மதினிதான் ஒண்ணும் பேசாம எனக்குத் தனியா ரெண்டு முட்டை அவிச்சுக் கொண்டாந்து இலையில வச்சுச்சு."

நான் சொல்லிக் கொடுத்திருந்தால் இவ்வளவு பக்குவமாக வந்திருக்காது.

தெருவில் சந்தேகம் இல்லாமல் இல்லை. "டீச்சர் மாசம் எவ்வளவு குடுக்குது?" என்று அக்காவிடமே கேட்டிருக்கிறார்கள். முதலிலிருந்தே நான் ஒன்றில் கவனமாக இருந்தேன்: அரிசி, சேலை, பணம் எதுவும் கொண்டுபோக மாட்டேன். பூவை விலை கொடுத்துத்தான் வாங்குவேன். ஒரு அவசரம் என்றால் எல்லாக் குடும்பங்களுக்கும் செய்வதுபோல் சபை செய்யும், நான் தனியாகச் செய்யமாட்டேன். கை நீட்டுகிறவர், கொடுக்கிறவர் என்று ஆகிவிட்டால், அதற்குப் பிறகு அவர் என்னிடம் கோபப்படவே முடியாது. கோபப்பட முடியாத இடத்தில் யாரும் வளர முடியாது.

சபைக்குள்ளும் ஒரு மாற்றம் கேட்டேன். ஞானஸ்நானம் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பத்தை இரண்டு வருஷத்துக்கு ஒப்படைக்க வேண்டும், ஆராதனையில் தங்கள் வரிசையில் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும், மாதம் ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிட வேண்டும். பவுல் என்று பின்னால் அழைக்கப்பட்ட சவுல், சபையைத் துன்பப்படுத்தியவர், மனம் திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லாரும் பயந்து ஒதுங்கினார்கள், பர்னபாதான் சேர்த்துக்கொண்டு போனார். பிறகு அந்தியோகியாவில் வேலை பெருகியபோது தர்சுவரைக்கும் தேடிப்போய் அவரை அழைத்துவந்து ஒரு வருஷம் கூடவே இருந்தார். பர்னபா தனியாகச் செய்த பிரசங்கம் ஒன்றுகூட எழுதி வைக்கப்படவில்லை. இதைச் சொன்னேன். நல்ல யோசனை என்றார்கள். இதுவரை மூன்று குடும்பங்கள் முன்வந்திருக்கின்றன. வேதபாடத்தை இன்னும் செவ்வாயிலிருந்து மாற்றவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை, பள்ளியில் கூட்டம் முடிந்து நான் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. அக்கா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு இளம்பெண், அந்தச் சந்துக்குப் புதிதாக வாழ வந்தவள், மடியில் மல்லியைக் கொட்டிக்கொண்டு தப்பும் தவறுமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கதை சொல்லிக்கொண்டிருந்தார். திமிர்வாதக்காரன் கதை. நான் திண்ணை ஓரமாகவே நின்றேன். நாலு பேர் தூக்கி வந்தது, கூட்டம் வழிவிடாதது, கூரையைப் பிரித்தது, படுக்கையை எடுத்துக்கொண்டு அவன் நடந்து போனது எல்லாம் சரியாக வந்தது.

"மறுநா அந்த நாலு பேரும் வந்து, வீட்டுக்காரருக்குக் கூரையைச் சரிபண்ணிக் கொடுத்துட்டுப் போனாங்க" என்று முடித்தார்.

"அது வசனத்துல இல்லையேக்கா" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்து, உட்காரச் சொல்லிப் பலகையை என் பக்கம் நகர்த்தினார். "இல்லதான் டீச்சர். இல்லன்னு சொல்லித்தான் இவகிட்ட சொன்னேன், நீங்க வர்றதுக்கு முன்னாடி. ஆனா செஞ்சிருப்பாங்கல்ல?" என்றவர், அந்தப் பெண்ணின் கையிலிருந்த நாரை வாங்கி, தளர்ந்திருந்த முடிச்சைப் பிரிக்கத் தொடங்கினார்.